ஒன்று பத்து

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனி, 1998 ஐப்பசி. காலை முழுக்க ஏற்றிய சோதனை அளவுகள் கரண்ட் போனதில் அழிந்துவிட்டன. சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். நஞ்சுண்டன் லினக்ஸ் கம்ப்யூட்டரில் பேக்கப் ஏதாவது கிடைக்காதா என்று தேடினான்.

பேக்கப் எடுப்பது அம்புஜத்தின் வேலை. மதியம் எடுத்து முடித்ததும், "எடுத்துப்போட்டேனுங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவாள். ஆடியில் அவள் இறந்தபின் யாரும் எடுக்கவில்லை. நஞ்சுண்டன் தனியாகத்தான் சாப்பிடுகிறான்.

கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கினான். கடைசிக் கோப்பில் இன்றைய தேதி, நேரம் ஒன்று பத்து. திறந்தான். காலையில் ஏற்றிய அளவுகள் அத்தனையும் இருந்தன.

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐம்பது. கம்ப்யூட்டரிலும் அதேதான்.

"அவசரமில்லைங்க அம்மணி, பொறுமையா வாங்க" என்றான்.

டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஓரமாக வைத்தான். எதிர் நாற்காலியின் தூசியைத் துடைத்தான். இன்னும் இருபது நிமிடம் இருந்தது.