இருட்டுத் திரை

பார்சல் ஆபீஸில் அவருக்கு ‘ஒட்டகம்’ என்று பெயர். பக்கத்து சீட்டில் யாராவது போனை எடுத்தால் போதும், கழுத்து தானாக நீளும்.

வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்த பெண், காலையில் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காதில் இயர்போனைச் செருகி, போனை எடுத்தாள். கழுத்து நீண்டது. திரை கும்மிருட்டு! அதன்மேல் விரலால் தள்ளினாள், இரண்டு தட்டு தட்டினாள், தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

“போன் அணைஞ்சு கிடக்கேம்மா?”

“இல்ல சார். விரலால தள்ளத் தள்ள அதுவே காதுல வாசிக்கும். ரெண்டு தட்டு தட்டினா திறக்கும். திரை எதுக்கு? மூணு விரலால மூணு தட்டு தட்டி அதை இருட்டாக்கிட்டேன்.”

பார்வையில்லாதவர்களின் போன் இப்படித்தான் என்று எங்கோ படித்திருந்தார். மனசு உருகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தார்.

“மெதுவாம்மா, முன்னாடி படி இருக்கு.”

“தெரியுது சார். மூணு படி. மூணாவதுல ஒரு டீ கப் வேற இருக்கு.”

ஒட்டகம் கையை எடுத்தது. “அப்ப... அந்தப் போன்?”

“கண் தெரியாதது என் வீட்டுக்காரருக்கு. இந்த சீட்டுக்கு மாத்தப் போறாங்கன்னு தெரிஞ்சதும் அவர்கிட்ட ஒரு வாரம் உட்கார்ந்து கத்துக்கிட்டேன்.”

“எதுக்கும்மா?”

“உங்க புகழ் எங்க கிளை வரைக்கும் வந்திருக்கு சார்.”

அன்று சாயங்காலம்வரை ஒட்டகத்தின் கழுத்து சட்டைக் காலரைவிட்டு வெளியே வரவில்லை.