செருப்புத் தீர்மானம்

மேற்கு மாம்பலத்தில் நீரஜா டீச்சர் வீட்டு மாடியில் எங்களுக்குச் சரித்திர டியூஷன். பாடம் மனதில் நிற்க வேண்டும் என்று அவர் எங்களையே ஒரு போர்க்காலச் சட்டமன்றம் ஆக்கியிருந்தார். மன்னரை எதிர்த்துச் சண்டையிடும் புரட்சிப் படைக்குச் சோறு, துணி, ஆள் எல்லாவற்றையும் நாங்கள்தான் வாக்களித்து அனுப்ப வேண்டும்.

போன ஞாயிறு விவாதம் படைக்குச் செருப்பு அனுப்புவதைப் பற்றி. பணத்துக்கு எங்கே போவது என்று ஷ்ரேயா இழுத்துக்கொண்டே போனாள். ஹஸனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அங்க அவன் வெறுங்கால்ல பனியில நடந்துக்கினு கீறான். இங்க நாம பேசிக்கினே கீறோம்!"

எல்லோரும் கை தூக்கினோம். "நிறைவேறியது" என்று டீச்சர் மேசையைத் தட்டினார்.

கீழே இறங்கினால், படியோரம் விட்டிருந்த செருப்புகளில் ஒன்றுகூட இல்லை. திருடனைத் திட்டியபடியே சுடும் தார் ரோட்டில் குதித்துக் குதித்து வீடு போய்ச் சேர்ந்தோம்.

இந்த ஞாயிறு வந்தபோது அவை அதே இடத்தில் வரிசை கட்டி நின்றன. அடி தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. ஹம்சினி தன்னுடையதைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். மே மாத வெயிலில் அது பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. ஹஸனுடைய ஜோடி மட்டும் திரும்பி வரவில்லை.

மாடியில் டீச்சர் காத்திருந்தார்.

"படைக்கு ஆள் பத்தலை. அனுப்பலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

போன வாரம் வராத ஸ்ரீநாத், அப்போதுதான் ஓடிவந்து உட்கார்ந்தவன், சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான்.

"வேண்டாம்னு சொல்றவங்க?"

தூக்கத்தான் நினைத்தோம்; எங்களில் ஒருவருக்கும் கை எழவில்லை.

டீச்சர் மேசையைத் தட்டினார்.