பிள்ளைகளை விழுங்கிய சாமி

ஒரகடம் தொழிற்சாலை கேன்டீனில், சூப்பர்வைசர் ராஜசேகர் செல்போனை மாடத்தியின் முகத்துக்கு நேரே நீட்டினார். ஓய்வு நேரத்தில் அவள் இணையத்தில் எழுதும் மாயாஜாலத் தொடர்கதை அதில் திறந்திருந்தது.

"புள்ளைங்க வளந்தா தன் நாற்காலி பூடும்னு பயந்து, அஞ்சு பேரையும் முழுங்குற சாமி! என்னைத்தானே எழுதிக்கீறே?"

"இல்ல சார். அது குரோனோஸ். கிரேக்கப் புராணத்துல உள்ள சாமி."

"பொய் சொல்லாத! புரமோஷன் லிஸ்ட்லேர்ந்து நான் அஞ்சு பேரை அடிச்சது உனக்கு எப்டி தெரியும்? எவ சொன்னா?"

அப்படியொரு லிஸ்ட் வந்ததே மாடத்திக்கு அப்போதுதான் தெரிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் கைகழுவாமலே எழுந்து வந்து அவரைச் சூழ்ந்தார்கள்.

மாடத்தி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"புராணத்துலயும் அஞ்சுதான் சார். எங்கள்ல எந்த அஞ்சு பேர முழுங்குனீய?"