புது சைலன்சர்

"ஏனுங்க பாய், கையக் கொடுங்க!"

லாரியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகப் பட்டறைக்குள் ஓடி வந்தார் டிரைவர் குழந்தைவேலு.

"நேத்து நீங்க பட்டறையில இல்லீங்க. புது சைலன்சர் மாட்டியாச்சுன்னு நெனச்சு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டேன். என்ன இழுவைங்க! சிமென்ட் லோடோட ஏற்காடு மேட்டுல மூணாவது கியர்லயே ஏறுது. டீசலும் நொம்ப மிச்சம். புகை தாராளமா வெளிய போனா வண்டி தானா இழுக்கும்னு சொன்னீங்களே, நெசந்தானுங்க!"

மெக்கானிக் தாவூத் சித்திரை வெயிலிலும் சிவப்பு மஞ்சள் கோடு போட்ட ஸ்வெட்டரைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"மார்கழியில இருந்து மேடு ஏறும்போதெல்லாம் யாரோ பின்னாடி தொங்கிக்கிட்டே வர்ற மாதிரி இருந்துச்சுங்க. இப்ப அது இல்லீங்க."

"புது சைலன்சர் இன்னும் சேலத்துல இருந்தே வரலீங்க" என்றார் தாவூத்.

"அப்புறம் என்னதான் பண்ணுனீங்க?"

"பழசைக் கழட்டலாம்னு வண்டிக்கு அடியில படுத்தேன். குழாய்க்கு மேல இது சிக்கியிருந்துச்சு. எடுத்துக்கிட்டு ஊட்டுக்குப் போயிட்டேன்."

உள்ளங்கையை விரித்தார். பாதி கருகிய கம்பளித் துண்டு. அதிலும் சிவப்பு மஞ்சள் கோடுகள்.

குழந்தைவேலு ஓரடி பின்வாங்கினார்.

"எங்க ஊட்டுக்காரி ஹலீமா இந்த மாதிரி ரெண்டு ஸ்வெட்டர் பின்னுனாளுங்க. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணைப் போட்டுக்கிட்டுத்தான் எங்க பாப்பா மார்கழிப் பனியில குப்பனூர் ரோட்டுல நடந்து போச்சு. அடிச்ச வண்டி நிக்கவே இல்லீங்க."

தாவூத் லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மாசமா பாப்பாதான் வண்டிய விடாமப் பிடிச்சு நிறுத்தப் பார்த்திருக்குது."