கேட்க ஆளில்லாத பட்டன்

சீனியருக்கு வயிறு எரிந்தது. எட்டு வருஷமாக அதே நாற்காலியைத் தேய்த்தவர் அவர். ஆறு மாதம் முன்பு வந்த புதியவளைத்தான் மேனேஜர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

டீம் லீடர் யார் என்று இன்று மாலை முடிவு. அவளேதான் என்று ஆபீசே பேசிக்கொண்டது.

நேற்றுதான் அவளுடைய வேலை இவரிடம் சரிபார்க்க வந்தது. ஒரு பல் டாக்டருக்கான ஆப். பட்டன்கள் எல்லாம் அவள் செய்தவை; அவற்றை அமுக்கினால் நடக்கவேண்டியது இவர் எழுதியது. 'நேரம் பதிவு செய்' என்ற பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பட்டனுக்குத் தானாக எதுவும் செய்யத் தெரியாது. 'என்னை அமுக்கிவிட்டார்கள்' என்று தனக்காக வேலையைச் செய்யும் டெலிகேட்டிடம் சொல்லும், அவ்வளவுதான். அந்த டெலிகேட் யார் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அதை மறந்தால் பட்டன் சொல்வதைக் கேட்க ஆளிருக்காது.

மகாராணி கோட்டை விட்டுவிட்டாள் என்று அவர் மனசு குதித்தது. அந்த வரி எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தேடக்கூட இல்லை. 'பார்த்தேன், சரி' என்று டிக் அடித்து அனுப்பிவிட்டார். டாக்டர் முன்னால் மூக்குடையட்டும்.

இன்று மதியம் டாக்டர் வந்தார். போனை வாங்கினார். சீனியர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் அமுக்கினார். நேரம் பதிவானது. மேனேஜர் முகத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

சீனியருக்கு ஆறவில்லை. எல்லாரும் கலைந்ததும் அவள் மேஜைக்குப் போய், பட்டனில் ஏதும் சிக்கல் வரவில்லையே என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "காலையில ஓட்டிப் பார்த்தேண்ணா. அமுக்கினா ஒண்ணும் நடக்கல. டெலிகேட் வரி விட்டுப் போயிருந்துச்சு."

"நீ எழுதினதுலயா?"

"இல்லண்ணா, நீங்க எழுதினதுல."

அவர் குனிந்து அவள் திரையைப் பார்த்தார்.

"நானே அந்த வரியைப் போட்டுட்டேன். என்ன மாத்தினேன்னு மேனேஜர் கேட்டதுக்கு, நீங்கதான் கண்டுபிடிச்சுப் போடச் சொன்னீங்கன்னு சொல்லிட்டேன். டீம் லீடர் முடிவு இன்னிக்குத்தானே" என்றாள். "பொய்னு சொல்ல முடியாது. நேத்து நீங்க அமுக்கிப் பார்த்திருந்தா, அப்படியே விட்டிருப்பீங்களா என்ன?"