பாலிக்ரோன் வாரிசு

போரில் அண்ணன் லூசியஸ் இறந்துபோனதாகச் செய்தி வந்ததும் ஜெரால்ட், பாலிக்ரோன் பிரபுவானான். அயர்லாந்தில் அந்தக் குடும்பத்துப் பட்டம் தகப்பனுக்குப் பின் மூத்த மகனுக்கும், அவன் இல்லாவிட்டால் இளையவனுக்கும் போவது வழக்கம். பட்டத்தோடு மாளிகையும் ஏரியும் வந்தன. சில ஆண்டுகளில் வாரிசாக ஒரு மகனும் பிறந்தான்.

குழந்தையின் ஞானஸ்நான விருந்தன்று, பாதி முகம் வெந்துபோன ஒருவன் வாசற்படி ஏறி வந்தான். அவன் தலையைச் சாய்த்து நின்ற விதமே ஜெரால்டுக்குப் போதுமாக இருந்தது. கையிலிருந்த குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"யாருங்க இவர்?" என்றாள் மனைவி ஹொனோரியா.

"தெரியல. யாரோ பழைய சிப்பாய் போலிருக்கு. சாப்பாடு போடச் சொல்லு."

வந்தவன் ஜெரால்டை வெகுநேரம் பார்த்தான். அந்தக் கண்ணில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் ஜெரால்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பையனுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"

"லூசியஸ்," என்றாள் ஹொனோரியா. "போர்ல செத்துப்போன இவரோட அண்ணன் பேரு."

துணிக்கு வெளியே நீட்டியிருந்த பிஞ்சுக் காலை அவன் ஒரு விரலால் தொட்டான்.

"நல்லா இருக்கட்டும். நான் வீடு மாறி வந்துட்டேன், பிரபுவே. மன்னிக்கணும்."

சாப்பிடாமலேயே படியிறங்கினான். ஜெரால்டுக்குக் கால் எழவில்லை. அந்த உருவம் நொண்டி நொண்டி மரங்களைத் தாண்டி, வெளிக்கதவையும் தாண்டி மறைந்த பிறகுதான் வாய் திறந்தது. குழந்தைக்கு மட்டும் கேட்கும் குரலில், "அண்ணா" என்றான்.