வெட்டாமல் விட்ட விளம்பரம்

முப்பத்தொன்பதாவது பகுதியின் பதினோராவது நிமிடத்தில் பல்பொடி விளம்பரம் முழுசாக ஓடி முடிந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அது ஓடியிருக்கவே கூடாது.

பழைய தொலைக்காட்சித் தொடர்களைத் துடைத்துச் சீராக்குவது என் வேலை. இந்தத் தொடரின் மூல நாடாக்களை நிலையத்தார் என்றோ அழித்து, அவற்றின் மேலேயே வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். மிஞ்சியது யாரோ வீட்டு டெக்கில் பதிந்த பதின்மூன்று கேசட்டுகள்தான். கோடு விழுந்து, நிறம் வழிந்து, கதாநாயகிக்கு மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டிய பிரதி. ஆனாலும் வேறு கதியில்லை.

பதிந்தவர் ஒரு கப்பல்காரரின் மனைவி. போன வருடம்தான் காலமானார்.

நான் அவருக்கு விரல்காரி என்று பெயர் வைத்திருந்தேன். விளம்பரம் தொடங்கியதும் பதிவை நிறுத்துவார். தொடர் வந்ததும் மறுபடி ஓடவிடுவார். அந்த டெக்குக்கு ரிமோட் கிடையாது. பக்கத்திலேயே உட்கார்ந்து பொத்தானில் விரலை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

முப்பத்தெட்டுப் பகுதிகளில் அந்த விரல் ஒருமுறைகூடத் தவறவில்லை. பல்பொடிப் பாட்டின் முதல் சொல் மட்டும் வந்து விழும், அவ்வளவுதான். மூன்று மாதமாக அந்த ஒரு சொல்லையே கேட்டுக் கேட்டு, மீதிப் பாட்டு என்னவாக இருக்கும் என்று குளிக்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன்.

கடைசிப் பகுதியில் பாட்டு முழுசாக வந்தது. பின்னாலேயே குக்கர், சோப்பு, சைக்கிள். அடுத்த இடைவேளையும் அப்படியே. தொடர் முடிந்து, செய்தி முடிந்து, வானிலை முடிந்து, நாடா தீரும்வரை வெறும் புள்ளிகளும் இரைச்சலும். யாரும் நிறுத்தவே இல்லை.

டெக் பழுதா? தூங்கிவிட்டாரா? மயங்கி விழுந்துவிட்டாரா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்ததில் எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

மேலாளருக்கு வேறு சந்தேகம். இது பின்னாளில் மறுஒளிபரப்பு செய்தபோது வேறு யாரோ பதிந்ததோ? அப்படியானால் இந்தப் பகுதி செல்லாது, அந்த அம்மாவின் கணவரிடம் கேட்டு எழுதி வாங்கு என்றார்.

கப்பல்காரரை வரவழைத்தேன். உள்ளூர எனக்குப் பயம்.

ஏனென்றால், கேசட் பெட்டியை இறக்கிய முதல் நாளே காவலாளி முதல் மேலாளர் வரை அத்தனை பேரிடமும் அவர் தன் குறையைக் கொட்டியிருந்தார். இரண்டு வருடம் கடலில் இருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்று குரல் கொடுத்தாராம். உள்ளே தொடர் ஓடுகிற சத்தம். கதவு மட்டும் வெகுநேரம் திறக்கவில்லையாம். நானா, சீரியலா என்றால் அவளுக்கு சீரியல்தான் என்று, முப்பது வருடமாக உறவுக்காரர்கள் கூடிய இடத்திலெல்லாம் சொல்லியிருக்கிறார்.

மனைவி ஒருநாளும் மறுத்துப் பேசவில்லையாம். சிரிப்பாராம்.

அவர் வந்து பார்க்கத்தான் அந்த அம்மா எல்லாவற்றையும் பதிந்து வைத்தது. இவர் வீம்புக்கு ஒரு கேசட்டைக்கூடத் தொடவில்லை.

இன்றும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வழக்குப் போட்ட பங்காளியைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது நிமிடத்திலிருந்து ஓடவிட்டேன்.

பல்பொடிப் பாட்டு தொடங்கியது. துள்ளி எழுந்துவிட்டார்.

"இதேதாம்மா! வாசல்ல நின்னு இந்தப் பாட்டை முழுசாக் கேட்டேன். வெறும் விளம்பரம் ஓடுது, அப்பக்கூட எந்திரிச்சு வரலை பாரு!"

என் கை பொத்தான்மேல் அப்படியே நின்றுவிட்டது. நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

ஐந்தாவது பகுதியின் இடைவேளையைப் போட்டேன். ஒரு சொல், வெட்டு. இருபதாவது பகுதி. ஒரு சொல், வெட்டு. முப்பத்தெட்டு. ஒரு சொல், வெட்டு.

பிறகு மறுபடியும் கடைசிப் பகுதி. பாட்டு முழுசாக.

கப்பல்காரர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விளம்பரம் வந்தா நிறுத்தறது அம்மாதான், ஐயா. ஒருதடவைகூட விட்டதில்லை. நீங்க வாசல்ல நின்ன அன்னிக்கு மட்டும் டெக் பக்கத்துல ஆள் இல்லை."

அவருக்கு அது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. நின்றபடியே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பாட்டு வர்றதுக்கு முன்னாடியே எந்திரிச்சிட்டாளா? அப்ப அவ்வளவு நேரம் எங்க போனாம்மா? சின்ன வீடு அது."

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? மறுஒளிபரப்பு இல்லை என்று எழுதி வாங்க வைத்திருந்த தாளை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

திரையில் குக்கர் போய் சோப்பு வந்தது. சோப்பு போய் சைக்கிள் வந்தது. அவர் ஒவ்வொன்றையும் கண்கொட்டாமல் பார்த்தார். தொடர் மறுபடி தொடங்கியதும் சொன்னார்.

"கதவைத் தொறந்தப்ப அவ மூஞ்செல்லாம் ஒரே ஈரம். சீரியல்ல யாரோ செத்துட்டாங்க போல, அதுக்கு அழுதிருக்கான்னு நினைச்சுட்டேன்."

அந்தப் பகுதியை நான் நான்கு தடவை பார்த்திருக்கிறேன். அதில் யாரும் சாகவில்லை.